மின்மானியை வாசிக்கக் கற்போம்

(சங்கக் கூட்டங்களில் சேர்ந்து வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்)

கொழுந்து மடுவத்தில் தராசு தொங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு தாய் காலையிலிருந்து மலையேறிப் பறித்த கொழுந்து அந்தத் தராசின் முள்ளில் ஒரு நொடி நிற்கிறது. கணக்கப்பிள்ளை ஓர் இலக்கத்தைச் சொல்கிறார், அது புத்தகத்தில் ஏறுகிறது. கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிவும் போகிறது. அன்றைய பேர் விழுந்ததா, அரைப் பேரா என்பதை அந்த இலக்கமே தீர்மானிக்கிறது. முள்ளை எட்டிப் பார்த்து வாசிக்கத் தெரிந்த பெண்ணிடம் கணக்குச் சொல்லும்போது கணக்கப்பிள்ளையின் குரலே மாறிவிடும். இது தோட்டத்தில் எல்லோரும் அறிந்த சங்கதி.

இன்று நம் வீட்டு வாசலிலேயே ஒரு தராசு தொங்குகிறது. அதுதான் மின்மானி. நாம் மீற்றர் என்று சொல்லும் அந்தப் பெட்டி. குழாய்த் தண்ணீர் வரும் இடங்களில் தண்ணீர்மானி என்று இன்னொன்றும் உண்டு. மாதா மாதம் ஒருவர் வந்து அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார். பிறகு பில் வருகிறது. பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம், ஆனால் பெட்டியை நாம் பார்ப்பதில்லை.

மண்சரிவாலும் வேறு காரணங்களாலும் ஊரைவிட்டு எழும்பி வந்த குடும்பங்களுக்கு இந்தப் பாடம் அவசரமானது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது உயிர் தப்பிய குடும்பங்கள் நெடுநாள் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தார்கள். பிறகுதான் புதிய வீடுகள் கிடைத்தன. லயத்திலிருந்தும் முகாமிலிருந்தும் தனி வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு குடும்பமும் முதல் முறையாகத் தன் பெயரில் வரும் பில்லைக் கையில் வாங்குகிறது. அது பெருமைதான். அத்தோடு கணக்கும் நம் தலையில் ஏறுகிறது.

1. அளவுகோல் வந்த கதை

மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது, கையில் அள்ளவும் முடியாது. அப்படிப்பட்ட பொருளை எப்படி அளந்து விற்பது? நூற்று ஐம்பது வருடங்களுக்கு முன் இது பெரிய சிக்கலாக இருந்தது.

முதலில் எத்தனை விளக்கு, எத்தனை மணி நேரம் என்று மட்டும் எண்ணினார்கள். 1872 இல் அமெரிக்கரான சாமுவேல் கார்டினர், விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தது என்பதைக் கடிகாரத்தால் பதியும் கருவியை அமைத்தார். விளக்கு பெரிதா சிறிதா என்று அதற்குத் தெரியாது.

அடுத்து வந்தவர் தோமஸ் அல்வா எடிசன். 1882 இல் நியூயோர்க் நகரில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய அவர், ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் நாகத் தகடுகளை இரசாயனக் கரைசலில் வைத்து மின்சாரத்தின் சிறு பகுதியை அதன் வழியே செலுத்தினார். மின்சாரம் ஓட ஓட ஒரு தகட்டிலிருந்து நாகம் கரைந்து மற்றதில் படியும். மாதம் ஒரு முறை கம்பனி ஆள் தகட்டைக் கழற்றிக் கொண்டுபோய் நிறுத்துப் பார்ப்பார். எடை மாறிய அளவுக்குப் பணம்.

இந்தக் கருவி அளந்தது சரிதான். ஆனால் வீட்டுக்காரர் அதை வாசிக்க முடியாது. தகடு கம்பனிக்குப் போகிறது, எடை அங்கே பார்க்கப்படுகிறது, வீட்டுக்காரர் நம்ப வேண்டியதுதான். கூடைக் கழிவுக் கணக்கு நம் நினைவுக்கு வருகிறதல்லவா?

1885 இல் இத்தாலிய விஞ்ஞானி கலிலியோ ஃபெராரிஸ், மாறிச் செல்லும் மின்சாரத்தால் ஓர் உலோகத்தைத் தொடாமலேயே சுழற்ற முடியும் என்று காட்டினார். 1889 இல் ஹங்கேரி நாட்டின் கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த ஒட்டோ பிளாத்தி அந்த வழியைக் கொண்டு ஒரு மின்மானியை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். அவருடைய முதல் மானிகள் 23 கிலோ எடை இருந்தன. நம் வீடுகளில் நெடுங்காலம் தொங்கிய, உள்ளே தட்டுச் சுழலும் கறுப்புப் பெட்டி அந்த வழியில் வந்ததே. தட்டும் இலக்கமும் கண்ணாடிக்குப் பின்னால் வெளிப்படையாக இருந்தன. அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒரே இலக்கத்தை வாசிக்க முடிந்தது. இந்தக் கண்டுபிடிப்பால் ஏழைக்குக் கிடைத்த நன்மை அதுவே. வாசிக்காவிட்டால் அந்த நன்மை இல்லை.

2. பெட்டிக்குள் நடப்பது

பழைய மானியில் இரண்டு கம்பிச் சுருள்களுக்கு நடுவே ஓர் அலுமினியத் தட்டு இருக்கிறது. வீட்டில் மின்சாரம் ஓடும்போது தட்டுச் சுழல்கிறது. ஒரு காந்தம் அதை அளவோடு பிடித்து நிறுத்துகிறது. ஆகவே இரண்டு மடங்கு மின்சாரம் போனால் இரண்டு மடங்கு வேகம். தட்டோடு இணைந்த பற்சக்கரங்கள் இலக்கங்களை நகர்த்துகின்றன. புதிய மானியில் தட்டு இல்லை. சிவப்பு வெளிச்சம் ஒன்று மின்னுகிறது. அதிக மின்சாரம் போனால் அதிகம் மின்னும்.

வாசிக்கும் முறை எளிது. இடமிருந்து வலமாக இலக்கத்தை எழுதுங்கள். கடைசியில் வேறு நிறத்திலோ புள்ளிக்குப் பின்னாலோ இருக்கும் இலக்கத்தை விட்டுவிடுங்கள். இன்றைய இலக்கத்திலிருந்து சென்ற மாத இலக்கத்தைக் கழித்தால் வருவது அலகு. இன்று 04872, சென்ற மாதம் 04818 என்றால் 54 அலகு. பில்லிலும் இந்த இரண்டு இலக்கங்களும், எத்தனை நாளுக்கான கணக்கு என்பதும் இருக்கும். உங்கள் எழுத்தோடு ஒப்பிடுங்கள்.

மானி சரியாக ஓடுகிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். எல்லாச் சுவிச்சுகளையும் அணைத்துவிட்டு 100 வாட் பழைய இழைக் குமிழ் ஒன்றை மட்டும் 6 நிமிடம் எரிய விடுங்கள். அது ஓர் அலகின் நூறில் ஒரு பங்கு. மானியின் முகத்தில் ஓர் அலகுக்கு 600 சுற்று என்று எழுதியிருந்தால் தட்டு ஏறத்தாழ 6 முறை சுற்ற வேண்டும். 1600 மின்னல் என்று எழுதியிருந்தால் ஏறத்தாழ 16 முறை மின்ன வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் மானியைச் சோதிக்கும்படி மின் விநியோக அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. எல்லாவற்றையும் அணைத்த பின்னும் தட்டு விடாமல் சுற்றினால் எங்கோ மின்சாரம் ஒழுகுகிறது, அல்லது யாரோ வயர் இழுத்திருக்கிறார்கள். ஈரச் சுவரில் ஒழுகும் மின்சாரம் காசை மட்டுமல்ல, உயிரையும் கொண்டுபோகும். உடனே தேர்ந்த மின்வேலைக்காரரை அழையுங்கள்.

3. எந்தப் பொருள் எவ்வளவு தின்னும்?

ஓர் அலகு என்பது 1000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடுவது. பொருளின் அடியில் வாட் எழுதியிருக்கும். அதை மணி நேரத்தால் பெருக்கி 1000 ஆல் பிரியுங்கள். 30 நாளுக்குச் சில கணக்குகள்:

60 வாட் இழைக் குமிழ் மூன்று, நாளுக்கு 5 மணி நேரம்: 27 அலகு.

9 வாட் எல்.ஈ.டி. குமிழ் மூன்று, அதே நேரம்: 4 அலகு.

80 வாட் தொலைக்காட்சி, நாளுக்கு 4 மணி நேரம்: ஏறத்தாழ 10 அலகு.

1500 வாட் மின்கேத்தல், நாளுக்கு மொத்தம் 20 நிமிடம்: 15 அலகு.

1000 வாட் ஸ்திரிப் பெட்டி, நாளுக்குக் கால் மணி நேரம்: ஏழரை அலகு.

தோட்டத்துக்கு நீர் இறைக்கும் ஒரு குதிரைவலு மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஓர் அலகு போகும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. வெளிச்சம் தருவது கொஞ்சம் தின்னும். சூடாக்குவது நிறையத் தின்னும். மடுல்சீமைக் குளிரில் சுடுதண்ணீர் வேண்டும்தான். ஆனால் அடுப்பில் மிஞ்சும் தணலில் ஒரு பானைத் தண்ணீரைச் சுட வைத்தால் கேத்தலுக்குப் போகும் அலகில் பாதி மிச்சமாகும்.

4. படிக்கட்டுக் கட்டணம்

எல்லா அலகுக்கும் ஒரே விலை இல்லை. கூடக் கூட விலையும் ஏறுகிறது. கொஞ்சமாகப் பாவிக்கும் ஏழைக்கு உதவவே இந்த ஏற்பாடு. ஆனால் படியின் விளிம்பு எங்கே என்று தெரியாதவர் தடுக்கி விழுவார்.

2022 ஓகஸ்ட் கட்டணத்தை எடுப்போம். 30 அலகு வரை ஓர் அலகு 8 ரூபா, நிலையான கட்டணம் 120. 31 முதல் 60 வரை ஓர் அலகு 10 ரூபா, நிலையான கட்டணம் 240. ஆனால் 60 ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே 16 ரூபா, நிலையான கட்டணம் 360. இப்போது கணக்குப் போடுங்கள். 60 அலகுக்கு 780 ரூபா. 61 அலகுக்கு 1336 ரூபா. அந்த ஒரே ஓர் அலகின் விலை 556 ரூபா!

விலை மாறிய வேகத்தையும் பாருங்கள். மாதம் 30 அலகு பாவித்த வீடு 2022 ஓகஸ்டுக்கு முன் 105 ரூபா கட்டியது. ஓகஸ்டில் அது 360 ஆனது. 2023 பெப்ரவரியில் 1300 ஆனது. ஜூலையில் 450 ஆக இறங்கியது. வீட்டில் ஒரு குமிழ்கூடக் கூடவில்லை. அதன் பின்னும் கட்டணம் பல முறை மாறியிருக்கிறது. ஆகவே இங்கே தந்த விலைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் கடைசிப் பில்லை எடுத்து, படி எங்கே மாறுகிறது என்று பாருங்கள்.

60 என்ற படிக்குள் நிற்க விரும்பும் குடும்பம் நாளுக்கு 2 அலகு, கிழமைக்கு 14 அலகு என்று நினைவில் வைக்கட்டும். ஞாயிறுதோறும் மானியைப் பார்த்து நாட்காட்டியில் எழுதுங்கள். இரண்டாம் ஞாயிறே 35 ஐத் தாண்டியிருந்தால் மாதம் முடிய முன் திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது. பில் வந்த பிறகு திருத்த முடியாது. பாடசாலை போகும் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்தால் அதற்குக் கணக்குப் பயிற்சியும் ஆகும்.

5. ஒரு வாசல், ஐந்து அடுப்பு

இந்தப் பாடத்தில் நம்மை அதிகம் தொடும் பகுதி இதுதான். லயத்திலும் தற்காலிகக் கொட்டில்களிலும் பல குடும்பங்கள் ஒரே மானியில் தொங்கிக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். மானி வாசலைத்தான் எண்ணும், அதற்குப் பின்னால் எத்தனை அடுப்பு எரிகிறது என்று எண்ணாது.

ஐந்து குடும்பங்கள் ஆளுக்கு 30 அலகு பாவிப்பதாக வைப்போம். அதே 2022 ஓகஸ்ட் கட்டணத்தில் தனித்தனி மானி இருந்தால் ஆளுக்கு 360, மொத்தம் 1800 ரூபா. ஒரே மானியில் என்றால் மொத்தம் 150 அலகு. முதல் 90 அலகுக்கு 16 ரூபா வீதம் 1440. மிச்சம் 60 அலகுக்கு 50 ரூபா வீதம் 3000. நிலையான கட்டணம் 960. மொத்தம் 5400 ரூபா. அதே வெளிச்சம், அதே ஏழைகள், விலை மூன்று மடங்கு. பெரிய பங்களாவுக்கு என்று வைத்த படியில் ஐந்து கொட்டில்கள் சேர்ந்து ஏறி நிற்கின்றன.

ஏழையைக் காக்க வந்த ஏற்பாடே ஏழையை அடிக்கிறது. கருவியில் பிழையில்லை. குடும்பத்துக்குத் தனி முகவரியும் தனி இணைப்பும் இல்லாததே பிழை. ஆகவே தனி மானி கேட்பது ஆடம்பரமல்ல, அது நியாயமான உரிமை. காணி உறுதி இல்லாத குடும்பங்களின் விண்ணப்பம் பெரும்பாலும் இடத்துக்குப் பொறுப்பானவரின் ஒப்புதலில்தான் முடங்கும். இதை ஒரு குடும்பம் தனியாகக் கேட்பதைவிட முழு வரிசையும் சேர்ந்து எழுத்தில் கேட்பது பலன் தரும். கிராம உத்தியோகத்தரின் பதிவு, இடம்பெயர்ந்தவர் பட்டியலில் உள்ள பெயர், பழைய பில்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் பத்திரப்படுத்துங்கள்.

தனி மானி கிடைக்கும்வரை என்ன செய்வது? ஒவ்வொரு அறைக்கும் ஒரு துணைமானி பூட்டலாம். பிரிக்கும் முறை இது: பில் 5400 ரூபா, பெரிய மானியில் 150 அலகு. 5400 ஐ 150 ஆல் பிரித்தால் ஓர் அலகு 36 ரூபா. துணைமானிகள் 20, 25, 30, 30, 35 காட்டுகின்றன. மொத்தம் 140. குறையும் 10 அலகு பொது விளக்குக்கும் வயர் சேதத்துக்கும் போனது. அதன் விலை 360 ரூபாவை ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு 72. ஆகவே 20 அலகு பாவித்த பாட்டி 792 ரூபாவும், 35 அலகு பாவித்த வீடு 1332 ரூபாவும் கட்டும். கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள். “அவன் வீட்டு ரீவியால்தான் கூடிச்சு” என்ற சண்டை பாதி அடங்கிவிடும்.

ஓர் எச்சரிக்கை. கம்பத்திலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ களவாக வயர் இழுப்பது குற்றம். மழைநாளில் அது மரணம்.

6. தண்ணீர்மானி

தண்ணீர்மானியின் ஓர் அலகு 1000 லீற்றர். உள்ளே சிறு சக்கரம் ஒன்று நீரோட்டத்தில் சுழல்கிறது. வழக்கமாகக் கறுப்பு இலக்கம் அலகையும் சிவப்பு இலக்கம் அதற்குக் குறைந்த லீற்றரையும் காட்டும்.

பதுளை மாவட்டத்துக்கு இதில் ஒரு முன்னனுபவம் உண்டு. 1993 முதல் 1998 வரை உலக வங்கியின் உதவியோடு பதுளை, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில் சமுதாய நீர் வழங்கல் திட்டம் நடந்தது. ஊற்றிலிருந்து குழாய் வழியே தானாக இறங்கும் நீரை ஊர்ச் சங்கங்களே கட்டி, காத்து, கட்டணம் அறவிட்டன.

மலைநாட்டுக் குழாய்த் திட்டங்களில் பழைய வழக்கு ஒன்றே. பள்ளத்து வீட்டுக்கு நீர் பாயும், மேட்டு வீட்டில் குழாய் காற்று ஊதும். எல்லோரும் ஒரே தொகை கட்டினால் பள்ளத்தார் கத்தரிக்கும் பாய்ச்சுவார்கள், மேட்டார் பீலிக்குக் குடம் தூக்குவார்கள். வீட்டுக்கு வீடு மானி இருந்தால் பாவித்த அளவுக்குக் கட்டணம். அப்போது பள்ளத்துக் குழாயும் நேரத்தோடு பூட்டப்படும்.

தாங்கியின் வாயில் ஒரு பெரிய மானி வைத்தால் இன்னும் நல்லது. அதன் அலகிலிருந்து வீட்டு மானிகளின் கூட்டுத்தொகையைக் கழித்தால் வழியில் ஒழுகியது தெரியும். ஊர் தூங்கும் நேரத்தில், இரவு 12 மணிக்கும் விடிய 3 மணிக்கும் அந்த மானியைப் பாருங்கள். யாரும் பாவிக்காத நேரத்தில் ஓடியது பெரும்பாலும் ஒழுக்குத்தான். வீட்டில் குழாய் சொட்டினால் அடியில் ஒரு லீற்றர்ப் போத்தலை வையுங்கள். ஒரு மணி நேரத்தில் நிரம்பினால் மாதம் 720 லீற்றர் போகிறது. ஒரு சிறு வாசரின் விலையோடு ஒப்பிடுங்கள்.

7. அளப்பதோடு நில்லாத கருவிகள்

சில கருவிகள் அளப்பதோடு கட்டுப்படுத்தவும் செய்கின்றன. ஊவாவிலும் மற்ற மலைப்பகுதிகளிலும் ஓடைநீரால் சிறு மின்நிலையம் நடத்திய கிராமங்கள் உண்டு. அங்கே வீட்டுக்கு இவ்வளவு வாட் என்று பங்கு வைத்து, தாண்டினால் தானாக வெட்டும் சுவிச் பூட்டினார்கள். யாரும் பாவிக்காத மின்சாரத்தை ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி சூடாக்கும் கம்பிக்குத் திருப்பிவிடும். சுழலி வேகம் தப்பாது, குமிழும் வெடிக்காது.

முன்பணம் கட்டும் மானி இன்னொன்று. 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் சில்லறை போட்டால் எரிவாயு வரும் மானி தொழிலாளர் வீடுகளுக்கு வந்தது. 1990களில் தென்னாபிரிக்கா, இலக்கத்தை அழுத்தி மின்சாரம் வாங்கும் மானியைப் பெருமளவில் பூட்டியது. இதில் கடன் ஏறாது, ஆனால் காசு தீர்ந்தவுடன் வெளிச்சமும் தீரும். 1970களில் தியோடர் பரஸ்கெவாக்கோஸ் என்பவர் தொலைபேசிக் கம்பி வழியே மானியைத் தூரத்திலிருந்து வாசிக்கும் வழியைக் கண்டார். இன்றைய நுண்ணறிவு மானிகள் அந்த வழியில் வந்தவை. ஆள் வராமலே வாசிக்கலாம், சிலவற்றில் தூரத்திலிருந்தே வெட்டலாம். எந்த மானி வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதன் இலக்கத்தை நாமும் வாசிக்க முடியுமா?

8. சங்கம் செய்யக்கூடியவை

ஒவ்வொரு சங்கத்திலும் இருவர், அதில் ஒருவராவது பெண், மானி வாசிக்கப் பழகட்டும். மாதக் கூட்டத்தில் எல்லோரும் பில்லைக் கொண்டுவந்து சேர்ந்து பாருங்கள். கையொப்பம் வைக்கத் தெரியாத மூத்தவர்களின் பில்லைப் பிள்ளைகள் வாசித்துச் சொல்லட்டும். பிழையான பில்லை முதலில் மின் விநியோக அலுவலகத்தில் எழுத்தில் முறையிட்டு, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லாவிட்டால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். பாவனையாளரின் முறைப்பாட்டைக் கேட்பதும் அதன் கடமை. கட்ட முடியாமல் நிலுவை சேர்ந்தால் ஒளிய வேண்டாம். வெட்ட வரும் முன் போய்த் தவணை கேளுங்கள். வெட்டிய பிறகு மறு இணைப்புக்கும் காசு கேட்பார்கள்.

கலந்துரையாடலுக்கு

1. நம் வரிசையில் எத்தனை குடும்பங்கள் ஒரே மானியில் இருக்கின்றன? சென்ற மாதம் அவர்கள் எந்தப் படியில் நின்றார்கள்?

2. பில்லை எப்படிப் பிரிக்கிறோம்? தனியே இருக்கும் மூத்தவர்களுக்கு அது நியாயமா?

3. நம் தண்ணீர்த் தாங்கியிலிருந்து மேட்டு வீடுகளுக்கு நீர் போகிறதா? போகாவிட்டால் காரணம் ஊற்றா, ஒழுக்கா, பள்ளத்துக் குழாயா?

4. தனி இணைப்புக் கேட்டு எழுதுவதற்கு யார் யாருடைய பத்திரங்கள் கையில் இருக்கின்றன? அடுத்த கூட்டத்துக்கு முன் யார் எதைச் சேர்ப்பது?

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் முதலில் மானியைப் பார்த்து இன்றைய இலக்கத்தை எழுதுங்கள். அடுத்த ஞாயிறு மறுபடி எழுதினால் அந்தக் கிழமைக் கணக்கு உங்கள் கையிலேயே இருக்கும்.